ஏழு எண்ணுதல்

திங்கட்கிழமை இரண்டாம் பாடவேளை
மூன்றாம் ஆண்டு வகுப்பின் கடைசி நாற்காலியில்
திலகேஸ்வரி டீச்சர் வந்து உட்கார்ந்தார்.
மடியில் பாரம். கையில் பென்சில்.
கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.
மணிக்கட்டு வேர்க்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பள்ளி பகாவ் பட்டணத்துக்கும் ஆலைக்கும் நடுவில்.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி போகும்போதெல்லாம்
சன்னல் கண்ணாடி கொஞ்சம் பேசும்.
அன்றைக்கு
நான் அதைவிட அதிகம் பேசினேன்.

முந்தின இரவு அட்டை வெட்டி
பின்னங்களுக்கு வண்ணம் அடித்திருந்தேன்.
நாள்பாடத்திட்டத்தில் நோக்கம், வெற்றிக்கூறு,
உயர்நிலைச் சிந்தனை, பண்புக்கூறு,
ஒரு கட்டம் காலி இல்லை.
முதலில் நீங்களே உங்களை மதிப்பிடுங்கள்
என்றிருந்த பத்தியில்
கேள்வி கேட்கும் திறனுக்கு நான்கு போட்டேன்.
நான்குக்கு மேலே எண் இல்லை.

என் வீட்டுக்காரர் ஆலையில் குலைக்குத் தரம் பிரிப்பவர்.
காய், பழம், அழுகல்.
"குலை ஒன்னும் சொல்லாது.
லோரிக்காரந்தான் சண்டைக்கு வருவான்" என்பார்.

இடைவேளைக்குப் பிறகு
அந்த லோரிக்காரனாகத்தான்
ஆசிரியர் அறைக்குள் போனேன்.

தே ஓ ஆறிக்கொண்டிருந்தது.
டீச்சர் புள்ளியைச் சொல்லவில்லை.
ஒரு தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.
முப்பத்து நான்கு கோடுகள். நான் கேட்ட கேள்விகளாம்.
ஒவ்வொன்றின் தலையிலும் சின்னதாக ஓர் எண்:
ஒன்று, ஒன்று, அரை, ஒன்று, இரண்டு, அரை.
"நீங்க கேட்டதுக்கும்
நீங்களே பதில் சொன்னதுக்கும்
நடுவுல இருந்த வினாடி."

தாளின் பின்பக்கம் பத்தொன்பது மேசைகள் வரைந்திருந்தார்.
மின்விசிறிக்குக் கீழே புள்ளிகள் எறும்புபோல் மொய்த்திருந்தன.
சன்னலோர வரிசை வெள்ளையாகக் கிடந்தது.
அதில் ஒன்று துர்கேஷின் மேசை.

வாதாடினேன்.
முப்பது நிமிடம், முடிக்காத பாடங்கள், லோரிச் சத்தம்.
"சத்தம் உண்மைதான்" என்று
அதையும் எழுதிக்கொண்டார்.
"நான் மூணு போடுறேன். உங்க நாலு அப்படியே இருக்கட்டும்.
ஒன்னே ஒன்னு செஞ்சு பாருங்க.
கேட்டுட்டு, மனசுக்குள்ள ஏழு எண்ணுங்க.
வியாழக்கிழமை வர்றேன். பாரம் கொண்டுவரல."

அன்றிரவு குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது.
"மூணா?" என்றார் வீட்டுக்காரர்.
"பேசாம சாப்பிடுங்க."
தரம் பிரிக்காமல் சாப்பிட்டார்.

வியாழன்.
மூன்றில் ஒன்று பெரியதா, நான்கில் ஒன்று பெரியதா?

ஒன்று.
இரண்டு. மின்விசிறிக்குக் கீழே ஐந்து கைகள்.
மூன்று. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
நான்கு. லோரி.
ஐந்து. உயர்ந்த கைகள் வலித்து இறங்கின.
வகுப்பில் இத்தனை அமைதி
தேர்வு நாளில்கூட இருந்ததில்லை.
ஆறு.
ஏழு எண்ணி முடிக்குமுன்
சன்னல் பக்கமிருந்து:
"நாலுல ஒன்னுதான் டீச்சர். நாலு பெரிசுதானே."

வகுப்பு சிரித்தது.
எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது.
ஆறு மாதமாக அவன் நோட்டில்
நான் சரி, சரி என்று சிவப்பு மையில் போட்டு வந்தது
யாருடைய விடைக்கு?

வண்ண அட்டையைக் கீழே வைத்தேன்.
"துர்கேஷ், ஒரே ஒரு ரொட்டி சானாய்.
ஒரு மேசையில மூணு பேர் பங்கு போடுறாங்க.
இன்னொரு மேசையில, அதே அளவு ரொட்டி, நாலு பேர்.
உனக்குப் பசி. எந்த மேசைக்குப் போவே?"

வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.
விரலால் மேசைமேல் வட்டம் வரைந்தான்,
அதை வெட்டினான்,
அழித்துவிட்டு மறுபடி வரைந்தான்.

எட்டு.
ஒன்பது.
பக்கத்து மேசைக்காரி சொல்லித்தர எழுந்தாள்.
கையைக் காட்டி உட்கார வைத்தேன்.
அடுத்த மாதம் சுபலோசனி டீச்சரின் வகுப்பில்
கடைசி நாற்காலி எனக்கு.
எதை எண்ணுவேன் என்று இன்னும் தெரியவில்லை.

பதினொன்று.
பன்னிரண்டு.
அவன் இன்னும் வெட்டிக்கொண்டிருக்கிறான்.